முகத்துக்குப் பின்னால் இரண்டு நிறம்

அவைக்குத் தலைமை தாங்கும் எபனேசர் அண்ணாச்சி அவர்களே, கடையம் முதல் புளியறை வரை கணினித் திரையில் கண்ணைக் கரைத்த வடிவமைப்பாளத் தோழர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, ஐந்தருவியில் தண்ணீர் கொட்டும் ஞாயிற்றுக்கிழமையில் அதை விட்டுவிட்டு என் பேச்சில் நனைய வந்த பெரியோர்களே, அச்சக வடிவமைப்பாளன் வல்லிநாயகத்தின் வணக்கம்.

சிறந்த வடிவமைப்பாளன் என்று எனக்குக் கேடயம் தரப்போகிறீர்கள். வாங்குமுன் என் சிறப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கடையத்திலிருந்து மங்களேஸ்வரி என்றொரு தாய் வந்தார். மகள் பொன்செல்வி இருந்த அணி தொடர் ஓட்டத்தில் மாவட்டத்திலேயே முதலிடம். கடைசிச் சுற்று அவள் ஓடியது. வாழ்த்துப் பதாகைக்கு மகளின் படத்தைப் பின்னணி வெட்டியே கொண்டுவந்திருந்தார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்குப் பின்னால ஒரு கலரும் வேண்டாம். வெள்ளையா இருக்கட்டும். நாலு பிள்ளையளும் சேர்ந்துல்லா ஜெயிச்சது" என்றார்.

சரி என்றேன். எந்தத் தெரு என்றும் கேட்டேன். ஏன் கேட்டேன்? முகத்துக்கும் முகவரிக்கும் என்ன சம்பந்தம்? உங்களுக்குத் தெரியும். நம் எல்லோர் கணினியிலும் தெருவுக்கு ஒரு கோப்பு இருக்கிறது. பிறந்தநாளுக்கு அந்தத் தெருவின் நிறம் போட்டோம், பூப்புக்குப் போட்டோம், புதைகுழிக்குப் போனவருக்கும் போட்டோம்.

அந்தத் தெருவின் கோயில் கொடைவிழாக் கோப்பைத் திறந்தேன். பழைய படத்தை நீக்கி, அதே கட்டத்தில் பொன்செல்வியை வைத்தேன். தாய்மார்களுக்காகச் சொல்கிறேன், பின்னணி வெட்டிய படம் கண்ணாடி மாதிரி. கட்டத்தில் பழைய நிறம் கிடந்தால் அப்படியே பின்னால் தெரியும். தெரிந்தது. இரண்டு நிறம். எவை என்று சொல்லமாட்டேன். சொன்னால் பாதிப்பேர் கைதட்டுவீர்கள், பாதிப்பேர் எழுந்து போவீர்கள். சாதியின் நிறம், ஐயா. பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் கயிறாகக் கிடக்கிறதே, அதே நிறம்.

மறதியில் வந்ததா? ஆமாம். பார்க்காமல் விட்டேனா? இல்லை. பார்த்தேன். எடுப்பாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அச்சுக்கு அனுப்பினேன். மங்களேஸ்வரி பார்ப்பதற்குள் கடை ஆட்கள் அதைப் பள்ளி வாசலில் கட்டிவிட்டார்கள்.

பின்வரிசையில் ஒருவர், "கஸ்டமரு கேக்காவ, நாம போடுதோம்" என்கிறார். இவர் கேட்கவில்லையே, அண்ணாச்சி. வேண்டாம் என்றல்லவா சொன்னார்.

அடுத்த வாரப் பயிற்சியில், மூன்றாம் சுற்று ஓடிய பெண் பொன்செல்வியின் கையில் தொடர் ஓட்டக் கோலைக் கொடுக்கவில்லை. தரையில் போட்டுவிட்டு, "ஒங்க ஆளுவகிட்ட வாங்கிக்கோட்டி" என்றாளாம். பொன்செல்வி அதைக் குனிந்து எடுக்கவில்லை. அதன்பின் மைதானத்துக்கும் போகவில்லை. மாநிலப் போட்டி இந்த நான்கு பிள்ளைகளும் இல்லாமலே முடிந்துவிட்டது.

அந்தத் தாய் மறுபடி கடைக்கு வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"வெள்ளைன்னுதான அண்ணாச்சி சொன்னேன்" என்றார்.

அதற்கு இந்த மேடையில் பதில் இருக்கிறதா? இந்தக் கேடயத்தில் இருக்கிறதா? பதினெட்டு வருட அனுபவத்தில் இருக்கிறதா? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது என் முதுகுக்குப் பின்னால் நீங்கள் கட்டியிருக்கும் பதாகையைப் பாருங்கள். என் படம்தான். முடி ஒன்று பிசகாமல் வெட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் இரண்டு நிறம். என்னைக் கேட்டா போட்டீர்கள்? என் தெரு தெரியும், அது போதும் உங்களுக்கு. எங்கே, சிரிப்புச் சத்தத்தையே காணோம்? எபனேசர் அண்ணாச்சி, நீங்கள் தலைகுனியாதீர்கள். உங்கள் படத்துக்கு நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

கேடயம் இங்கேயே இருக்கட்டும். அந்தப் பதாகையை அவிழ்க்க இரண்டு பேர் மேலே வாருங்கள்.

யாரும் வரவில்லையா? சரி, நானே அவிழ்த்துக்கொள்கிறேன். பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கு நன்றி. குனிந்த தலைகளுக்கு என் வணக்கம்.