பாதியில் நின்ற முள்

விசாரணைக்கு வந்த அன்று எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கினீர்கள். அதில் ஐந்து நிமிடம் மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்புவதிலேயே போயிற்று. குறையாகச் சொல்லவில்லை, வெயில் அப்படி. காற்று எந்தப் பக்கம் வீசியது, மேகம் இருந்ததா என்று கேட்டீர்கள், சொன்னேன். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவேன். நீங்கள் கேட்காமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் விமானத் திடலை நீங்களே பார்த்தீர்கள். ஒரே ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, ஓர் அலுவலக அறை, நான்கு பேர் உட்காரும் சிறிய விமானங்கள் இரண்டு. எரிபொருள் நிரப்புவது, அளப்பது, பதிவேட்டில் எழுதுவது, வானொலியில் பதில் சொல்வது எல்லாம் பதினொரு வருடங்களாக நான்தான். என் தங்கை அங்கே விமானி.

விமானியாக வேண்டும் என்று எங்கள் வீட்டில் முதலில் சொன்னவள் நான். பன்னிரண்டு வயதில் சீழ் வைத்து இடது காது பாதி மந்தமாகிவிட்டது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் கிடையாது. மருத்துவப் பரிசோதனைக்குத் தனியாகப் போக வேண்டாம் என்று அம்மா சின்னவளைத் துணைக்கு அனுப்பினாள். வரிசையில் சும்மா நிற்பானேன் என்று அவளும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பினாள். என்னிடம்தான் பேனா வாங்கினாள். துணைக்கு வந்தவள் தேறினாள். திரும்பி வரும் பேருந்தில் அழுததும் அவள்தான்.

"நான் போகல அக்கா. நீ இல்லாம எனக்கு மட்டும் எதுக்கு?"

"பைத்தியமா உனக்கு? போ" என்றேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். போ என்று சொன்னவள் நான்.

அப்பா முப்பது வருடம் பதினேழாம் தடத்தில் பேருந்து ஓட்டியவர். வீட்டுக்கு யார் வந்தாலும், "சின்னவ வானத்தப் பாத்துக்குவா, பெரியவ தரையப் பாத்துக்குவா. எங்க குடும்பத்துக்கு மேலயும் ஆள் இருக்கு, கீழயும் ஆள் இருக்கு" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு மேலே சத்தம் கேட்டால் போதும், சவரம் பாதியில் இருந்தாலும் முகத்தில் நுரையோடு வாசலுக்கு ஓடுவார். நான் வேலை முடிந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போது செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்க மாட்டார். எடுக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததும் இல்லை. தினமும் வருகிறவளை யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்?

இரண்டில் பழைய விமானத்தின் எரிபொருள் காட்டும் முள் எட்டு மாதமாகப் பாதியில் நின்றுகொண்டிருந்தது. தொட்டி நிறைந்திருந்தாலும் பாதி, காய்ந்திருந்தாலும் பாதி. உதிரிபாகம் வரும் வரும் என்று மேலாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் தொட்டிக்குள் அளவுகோலை இறக்கி, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் புறப்படுவார்கள். நான் அளந்த பிறகும் சின்னவள் தானே ஒருமுறை ஏணியில் ஏறி அளப்பாள். அவள் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். என் வேலை எனக்குத் தெரியும்.

பேருந்து ஓட்டிய பாதையை மேலிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போவதாகச் சின்னவள் சொல்லியிருந்தாள். போய்வர இரண்டு மணி நேரம். முந்தின நாள் மாலை வரை பயிற்சியாளர் மாணவர்களை வைத்துக்கொண்டு அதே விமானத்தில் பறந்திருந்தார். "தொட்டி கிட்டத்தட்டக் காலி, காலையில் நிரப்பவும்" என்று ஒரு துண்டுச் சீட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். படித்தேன். காலையில் ஏறி அளந்தும் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு வரும். நிரப்பும் குழாயைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். அப்பா புதுச் சட்டை போட்டு, தலைக்குச் சாயம் பூசியிருந்தார். காதோரத்தில் கொஞ்சம் கறை.

"அக்கா, பின்னாடி ரெண்டு சீட்டு சும்மாதான் இருக்கு. நீயும் வாயேன்" என்றாள் சின்னவள்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவ எதுக்கு? தரையில ஒரு ஆள் வேணும்ல."

குழாயை அதன் கொக்கியில் திரும்ப மாட்டினேன்.

"அக்கா, அளந்தாச்சா?"

"அளந்தாச்சு. மூணு மணி நேரத்துக்குத் தாராளமா இருக்கு."

வழக்கம்போல ஏணியில் கால் வைத்தாள். அதற்குள் உள்ளே இருக்கைப் பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அப்பா அவளைக் கூப்பிட்டார். இறங்கிவிட்டாள். "நீ சொன்னா சரிதான்" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அன்றைக்குத்தான்.

நான் நினைத்ததும் பெரிதாக ஒன்றுமில்லை. எங்காவது ஒரு வயலில் இறக்க வேண்டிவரும். உரிமத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்பா அவளை ஒரு முறை முறைப்பார். சாயங்காலம் மூன்று பேரும் ஒரே தரையில் நடந்து வீட்டுக்குப் போவோம்.

இருபதாவது நிமிடத்தில் வானொலியில் அவள் குரல் வந்தது. "அக்கா, அப்பா பிரேக் போட்டுக்கிட்டே வர்றாரு. கால எடுக்கவே மாட்டேங்கறாரு." இருவரும் சிரிப்பது கேட்டது. பிறகு அப்பா பேசினார். "பெரியவளே, நம்ம பழைய டிப்போ தெரியுது. தீப்பெட்டி மாதிரி இருக்கு."

"சரிப்பா" என்றேன்.

சுவரில் கடிகாரம் இருந்தது. முப்பதாவது நிமிடத்துக்குள் திரும்பினால் ஓடுபாதைக்கு வந்து சேர்ந்துவிடலாம். கணக்கு எனக்கு அவளைவிட நன்றாக வரும். ஒலிவாங்கி கையில்தான் இருந்தது. அந்த நிமிடம் வந்தது, போயிற்று. மேசையைத் துடைத்தேன். பதிவேடுகளை அடுக்கினேன்.

"அக்கா, இன்ஜின் நின்னுடுச்சு." அவள் குரல் கொஞ்சமும் மாறவில்லை. கீழே காற்று எப்படி என்று கேட்டாள். வேகத்தையும் திசையையும் பிசகில்லாமல் சொன்னேன். அந்த விஷயத்தில் என்மீது யாரும் குறை சொல்ல முடியாது. பின்னால் அப்பா, "என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சு?" என்று இரண்டு தடவை கேட்டார். அவள், "ஒண்ணுமில்லப்பா, கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றாள். அதற்குப் பிறகு இரைச்சல்தான்.

மற்றது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. நெருக்கமான வீடுகளைத் தாண்டிக் கொண்டுபோய், அறுவடை முடிந்த வயலில் இறக்கியிருக்கிறாள். தரையைத் தொட்டு ஓடும்போது வலது இறக்கை கிணற்றடி மோட்டார் அறைச் சுவரில் இடித்தது. அப்பா உட்கார்ந்திருந்த பக்கம். அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் அவளுக்குக் கஞ்சி ஊட்டியவள் நான். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, யார் கேட்டாலும் நீ எதுவும் சொல்லாத. நான்தான் அளந்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ அவசரத்துல அளவுகோலத் தப்பாப் பாத்திருப்ப. உனக்கு வேலை போயிடக் கூடாது."

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காக என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தபோதும் எனக்கு மேலே ஒரு படி ஏறிவிட்டாளே என்றுதான் அழுதேன்.

போன வாரம் அறிக்கை வந்தது. நான்காம் பக்கத்தில், எரிபொருளைச் சரிபார்ப்பதில் விமானியின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் பக்கத்தில், இன்ஜின் நின்ற விமானத்தைக் குடியிருப்புக்கு அப்பால் கொண்டுபோய் இறக்கிய திறமை பாராட்டத்தக்கது என்று எழுதியிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா ஆறாம் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறாள். அந்த வீடுகளில் இருக்கும் பெண்கள் வரிசையாக வந்து சின்னவளின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். ஆறு மாதத்தில் உரிமம் திரும்பக் கிடைத்துவிடுமாம். என்னைப் பற்றி ஒரே வரி: தரைப் பணியாளரிடமிருந்து குறிப்பிடத்தக்க தகவல் எதுவும் கிடைக்கவில்லை.

அந்த வரியைத் திருத்த வேண்டும். பயிற்சியாளர் எழுதிய சீட்டை இதோடு இணைத்திருக்கிறேன். கவனக்குறைவு அவளுடையது இல்லை. என்னுடையதும் இல்லை, நான் கவனமாகத்தான் இருந்தேன். தொட்டியில் எவ்வளவு இருந்தது என்று தெரியும், எங்கே போய்த் தீரும் என்று தெரியும், தெரிந்தே அனுப்பினேன். செய்தது முழுக்க நான். அதில் அவளுக்குப் பங்கு கொடுக்க எனக்கு இஷ்டமில்லை.

காரணம் என்ற இடத்தில் பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவளிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது? அந்த மோட்டார் அறை மேலிருந்தே தெரிந்திருக்கும். அவள் இருக்கையில் நான் இருந்திருந்தால் முப்பது அடி இடப்பக்கமாக இறக்கியிருப்பேன், அப்பா பிழைத்திருப்பார்.