சொந்த ஊரில் வெளியூர்க்காரர்கள்

திப்பு அரண்மனையைப் பார்த்துவிட்டு ஏறிய தம்பதி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"ஈஜிபுரால வீட்ட வச்சிக்கினு இதே ஊர்ல ஓட்டல் ரூமா? கேட்டா சிரிப்பாங்க," என்றார் அந்த அம்மா.

"உம் பொண்ணுதானே புக் பண்ணா. அவ புருஷன் வீட்டுக்குப் போனதும் நீ காலி வீட்ல குந்திக்கினு அழுவேன்னு அவளுக்குத் தெரியும். ரெண்டு நாளைக்கு நாம வெளியூரு. நாளைக்குக் கோட்டை, லால்பாக்," என்றார் கணவர்.

பஸ் ஈஜிபுரா சிக்னலில் நின்றது. அந்த அம்மா ஜன்னல் வழியே ஒரு மொட்டைமாடியைக் காட்டினார். கொடியில் மஞ்சள் துப்பட்டா ஆடிக்கொண்டிருந்தது.

"நம்ம மாடி. துப்பட்டாவ எடுக்காமலே போயிட்டா பாருங்க."

"நாமதான் வெளியூராச்சே."

பஸ் நகர்ந்தது. அந்த அம்மா மாடியையே திரும்பிப் பார்த்தபடி கேட்டார்: "சரி, அந்த வீட்ல யாருங்க இருக்காங்க?"

"நல்ல ஜனங்கதான். பொண்ணு அடிக்கடி வந்துட்டுப் போவும்."