பார்க்காமல் எழுதிய மதியங்கள்

நெமிலிச்சேரிச் சிறார் இல்லத்தில் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராய்ச் சேவையாற்றி, 1994 மே முப்பத்தோராம் நாள் ஓய்வு பெறும் திருமதி ஞானகுமாரி அம்மையார் அவர்களுக்கு உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்

குப்பியை நம்பாமல் குழந்தையின் முகத்தை நம்பிய குணக்குன்றே! பதவியைவிடப் பதிவேட்டைப் பெரிதென எண்ணிய பண்பாளரே! வணக்கம்.

குரோமோசோமில் ஒரு துண்டு குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கு, சளிக்கும் அரிப்புக்கும் தரும் ஆன்டிஹிஸ்டமின் மருந்து உறக்கம் தருகிறதா, உபத்திரவம் தருகிறதா என்றறிய, 1987இல் டாக்டர் வீரராகவன் நம் இல்லத்தில் ஆய்வு தொடங்கினார். பிள்ளைகள் பதினொருவர். சில வாரம் மருந்து, சில வாரம் வெறும் சர்க்கரைப் பாகு. எந்தக் குப்பியில் எது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். மதியந்தோறும் கூடவே இருந்து, தூங்கினார்களா என்று பார்த்து எழுதுவது எங்கள் வேலை.

ஐயோ, நாங்கள் பார்க்கவில்லை! சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே எல்லாப் பெயருக்கும் நேரே 'தூக்கம்' என்று எழுதினோம். "மருந்து குட்த்தா புள்ள தூங்கிகினுதான் கீது, அத்தப் போய் இன்னா பாக்கறது?" என்றார் ஆயா பஞ்சவர்ணம். நாங்களும் தலையாட்டினோம்.

அந்நாட்களில்தான் அந்தப் பதினொருவரில் ஒருவனான ஏழு வயதுப் பாஸ்கல் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். மற்றப் பிள்ளைகளைக் கடித்தான். வீட்டுக்கு அனுப்பிவிட நிர்வாகம் முடிவு செய்தது. தாயில்லாப் பிள்ளையை யாரிடம் விட்டு ஷிப்டுக்குப் போவேன் என்று, ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவன் தகப்பனார் வாசலில் நின்று அழுதார்.

ஆய்வுப் பதிவேட்டின் பொறுப்பு உங்களுடையது; நீண்ட விடுப்பில் இருந்த நீங்கள் ஒரு மதியம் எதற்கோ வந்தீர்கள். பதிவேட்டில் பாஸ்கல் தூங்கிக்கொண்டிருந்தான், அறையில் கத்திக்கொண்டிருந்தான். நான்கு மாதப் பதிவையும் அன்றே குறுக்கே அடித்தீர்கள். எங்களில் ஒருவர் பெயரையும் சொல்லாமல், 'தவறு என்னுடையது' என்று கடிதம் கொடுத்தீர்கள். உங்களுக்கு வரவிருந்த கண்காணிப்பாளர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. நாங்கள் வாய் திறக்கவில்லை.

பாஸ்கலுக்காக மூன்று மாத அவகாசம் கேட்டு வாங்கினீர்கள். ஆய்வை முதலிலிருந்து தொடங்கச் செய்து, மதியந்தோறும் அவன் பக்கத்தில் பாய் விரித்து நீங்களே அமர்ந்தீர்கள். முடிவில் டாக்டர் குப்பிகளின் பட்டியலைத் திறந்தார். மருந்து குடித்த வாரங்களில் மட்டுமே அவனுக்கு அந்த ஆவேசம்! இன்னும் இருவருக்கும் அப்படியே. "மூணு பேருக்குன்னே எழுதுங்க டாக்டர், எல்லாருக்கும்னு எழுதிடாதீங்க" என்றீர்கள். மருந்தை நிறுத்தினார்கள், பாஸ்கல் இங்கேயே இருந்தான்.

அம்மையீர், தவறு உங்களுடையதன்று. எங்களுடையது. ஏழாண்டு கழித்துச் சொல்வது வெட்கமாகத்தான் இருக்கிறது.

நோய்நொடியின்றி, சுற்றம் சூழ, நூறாண்டு வாழ்க! அலுவலகக் கோப்பில் உங்கள் கடிதம் இன்னும் இருக்கிறது. இம்மடலின் படி ஒன்றை, நிர்வாகத்தின் முத்திரை பெற்று, இன்று காலை அதன் மேலேயே வைத்துத் தைத்துவிட்டோம்.

இங்ஙனம்,
பஞ்சவர்ணம், ஆயா
அருள்செல்வி, செவிலியர்
ஜெயபால், பதிவெழுத்தர்