ஞாயிற்றுக்கிழமை சொல்லவேண்டியது

கிள்ளானிலிருந்து வந்த கொமியூட்டர் ரயிலில், எனக்கு எதிரே இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தனர். இளையவளின் மடியில் மருத்துவமனை உறை ஒன்று கிடந்தது.

“அக்கா, சர்ச்ல சொன்ன சாட்சிய திருப்பி வாங்க முடியுமா?”

“சாட்சி என்னம்மா, பாசார்ல வாங்குன மீனா, திருப்பிக் குடுக்க?”

“போன மாசம் மைக் புடிச்சு, என் வீட்டுக்காரருக்குக் கேன்சர் சுகமாயிடுச்சுன்னு சொன்னேன். எல்லாரும் கைதட்டினாங்க. இப்ப லிவர்ல இருக்காம்.”

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். “ஞாயித்துக்கிழமை ஒண்ணும் சொல்லாத லா. புதுசா வர்றவங்க பயந்துடுவாங்க. அப்புறம் உனக்குத்தான் விசுவாசம் பத்தலன்னு பேசுவாங்க.”

“பேசட்டும். பாஸ்டர் இன்னும் என் வீட்டுக்காரரைக் காட்டித்தான் பிரசங்கம் பண்றாரு. அவரு வலிய அடக்கிக்கிட்டு எல்லாரையும் பார்த்து சிரிக்கிறாரு, அக்கா.”

ரயில் பங்சாரைக் கடக்கும்போது மூத்தவள் அந்த உறையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரி, சொல்லிட்டு எப்படி முடிப்ப?”

“எப்பவும் முடிக்கிற மாதிரிதான். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்னு.”

“யாரும் ஆமென் சொல்ல மாட்டாங்க, பாரு.”

“தெரியும். என் வீட்டுக்காரரு சொல்றேன்னிருக்காரு. அன்னைக்கு வர முடிஞ்சா.”