மஞ்சள் செம்பருத்தியில் டீச்சர்

— குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்க அத்தை. காத்து அடிக்குது.

— தாழ்த்தினா அந்தப் பூச்சி எம் மேல தாவிடும் மாப்ள.

— தாவாது.

— உங்களுக்கென்ன, கேமராவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டீங்க. நேருக்கு நேர் நிக்கறது நான்தானே. கையைக் கும்பிட்டுக்கிட்டே முறைக்குது பாருங்க, தலையை மட்டும் திருப்பி!

— அதுக்குத்தான் அவ ‘டீச்சர்’னு பேர் வச்சா.

— பேர் வேற. பெத்தவளுக்கு ஒரு போன் போட நேரம் இருக்காது எம் பொண்ணுக்கு. கும்பிடுபூச்சிக்குப் பேர் வைக்க மட்டும் நேரம் இருந்திருக்கு.

— அசையாதீங்க.

— அசையல. கை கடுக்குது. காலையிலருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல உங்களுக்கு. உள்ள சாப்பாடு ஆறிக் கிடக்கு. நாளைக்கு எடுத்துக்கக் கூடாதா?

— நாளைக்குப் பூ இருக்காது. செம்பருத்தி ஒரு நாள்தான்.

— வேற பூ பூக்கும்.

— டீச்சர் இருக்காது.

— ஏன், அதுக்கென்ன கேடு?

— வயசாயிடுச்சு. இடது கண்ணு கறுத்துப்போச்சு. ஒரு மீசை பாதியில ஒடிஞ்சுபோச்சு. கொஞ்ச நாளா இரையும் எடுக்கல. தேன் தொட்டு வாய்கிட்ட வச்சேன், அதையும் தொடல.

— அடப் பாவமே.

— டீச்சர் தோல் உரிக்கற ஒவ்வொரு தடவையும் அவ வெளிய கொண்டுவந்து, புதுசா ஒரு பூ மேல விட்டு, ஒரு படம் எடுப்பா. கொசு அளவு இருந்ததிலருந்து எல்லாம் எடுத்துட்டா. ரெக்கை முளைச்ச படம் ஒண்ணுதான் பாக்கி. அதை இந்தச் செடியிலதான் எடுக்கணும்னு சொல்லியிருந்தா.

— இந்த மஞ்சள்லயா?

— அவ நட்டது. இன்னைக்குத்தான் மொதப் பூ. காலையில ஜன்னல்ல பார்த்தேன்.

— ஜன்னல்லதான் பார்த்திருப்பீங்க. நான் வந்து திறந்துவிடற வரைக்கும் கொல்லைக் கதவு துரு ஏறிக் கிடந்துச்சு. அவ போனதிலருந்து இந்தப் பக்கம் காலே வைக்கல போலிருக்கு.

— வைக்கல.

— சரி, எடுங்க. இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? நான் பாட்டுக்கு சாப்பாடு சாப்பாடுன்னு கத்திக்கிட்டு இருக்கேன். கையே ஒடிஞ்சாலும் குடையை இறக்க மாட்டேன், போங்க.

— காத்து நிக்கட்டும். கொஞ்சம் பொறுங்க.

— பொறுக்கறேன். மாப்ள, ஒண்ணு கேக்கட்டுமா? எம் மேல என்ன கோவம்?

— கோவமெல்லாம் இல்ல.

— நேத்து வந்தேன். ‘வாங்க’ன்னீங்க, ‘உக்காருங்க’ன்னீங்க, இன்னைக்குக் ‘குடையைப் புடிங்க’ன்னீங்க. அவ்வளவுதான். மாமியாரைத் திட்டணும்னா திட்டிடணும். உள்ளயே வச்சுப் புழுங்கக் கூடாது.

— அலமாரியில ஒரு பாட்டில் இருந்துச்சு.

— எந்த பாட்டில்?

— காரியமெல்லாம் முடிஞ்சு வீட்டை ஒழிச்சு வச்சீங்கல்ல, அப்ப. உள்ள ஒரு குச்சி இருந்துச்சு. குச்சியில பழுப்பா, காஞ்ச நுரை மாதிரி ஒண்ணு ஒட்டியிருந்துச்சு.

— ஆமா, ஏதோ அழுக்குன்னு நினைச்சேன். பாட்டிலைக் கழுவிக் கவுத்து வச்சேனே.

— அழுக்கு இல்ல. முட்டைக்கூடு. டீச்சரோட அம்மா போட்டது. மொதக் கூட்டுலருந்து வந்ததுதான் டீச்சர். ரெண்டாவது கூட்டை அவ பத்திரமா எடுத்து வச்சிருந்தா. டீச்சர் போனாலும் அடுத்தது வரும்னு.

— அய்யோ. எங்கிட்ட யாரும் சொல்லலையே.

— உங்களுக்கு எப்படித் தெரியும். அதான் நானும் ஒண்ணும் கேக்கல.

— மாப்ள, நான் அதை...

— வேணாம் அத்தை. விடுங்க. காத்து நின்னுடுச்சு. கொடியில இருக்கற வெள்ளைப் போர்வையை இந்தப் பக்கம் இழுத்து விடறேன், வெளிச்சம் திருப்பி அடிக்கும். அதுவரைக்கும் டீச்சர் மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க. சும்மா விட்டா உசரம் தேடி ஏறிக்கிட்டே இருக்கும்.

— என்னால அதைப் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது. உடம்பெல்லாம் கூசுது. கண்ணை மூடிக்கிட்டுக் குடையைப் புடிக்கறேன், அதுக்கு மேல எங்கிட்ட எதிர்பார்க்காதீங்க. போர்வையில மண்ணு படாம பார்த்துக்கோங்க, இப்பத்தான் அலசிப் போட்டேன்.

— சரி... மாட்டியாச்சு. டீச்சர் எங்க?

— என்னைக் கேட்டா?

— இருங்க... ஆங். இலைக்குப் பின்னாடி போயிடுச்சு. வா. வா டீச்சர். இந்தப் பக்கம்.

— ஏறுதா?

— ஏறுது. பூவுக்கே வந்துடுச்சு. அத்தை, அசையாதீங்க. ரெக்கையை விரிக்குது.

— நான் மூச்சே விடல.

— இன்னும் ஒண்ணு. இப்படிப் பாரு. அப்படித்தான். இன்னும் ஒண்ணே ஒண்ணு... கிடைச்சிடுச்சு.

— கிடைச்சிடுச்சா?

— கிடைச்சிடுச்சு அத்தை.

— காட்டுங்க. படத்துல பார்க்க எனக்குப் பயமில்ல. அடேயப்பா! விசிறி விரிச்சாப்ல இருக்கு. அவ பார்த்திருந்தா குதிச்சிருப்பா. ஆனா மாப்ள...

— என்ன?

— மீசை ஒடிஞ்சுபோச்சுன்னீங்க. இதுல ரெண்டும் முழுசா இருக்கே.

— எங்க?

— கண்ணும் கறுப்பா இல்ல. ரெண்டும் பளபளன்னு இருக்கு.

— போர்வை வெளிச்சம்...

— வெளிச்சம் பட்டா மீசை முளைக்குமா?

— அத்தை. கத்தாதீங்க. குடையை ஆட்டாதீங்க.

— ஏன்?

— டீச்சர் உங்க குடைக் கம்பியில உக்காந்திருக்கு.

— அய்யய்யோ! எடுங்க, எடுங்க! அப்ப பூவுல இருக்கறது யாரு?

— தெரியல. இதே இனம். ரெக்கை புதுசு. இந்த ஊர்ல இந்த இனம் கிடையாது அத்தை, அவதான் தூரத்துலருந்து வரவழைச்சா... அந்தக் கிளையில இன்னொண்ணு. கீழ, இலைக்கடியில பாருங்க, அங்க ஒண்ணு.

— எனக்குக் காட்டாதீங்க!

— அத்தை, அந்தக் குச்சியை எந்தக் குப்பையில போட்டீங்க?

— குப்பையிலயா? அதைத்தானே அப்பவே சொல்ல வந்தேன், எங்க விட்டீங்க! இந்தச் செடி அப்ப முழங்கால் உசரம், காத்துல சாஞ்சு கிடந்துச்சு மாப்ள. அந்தக் குச்சியைத்தான் பக்கத்துல ஊனி, இதுக்கு முட்டுக் கொடுத்துட்டுப் போனேன்.