ஆறு பேர் ஏறும் வண்டி

— கதவைச் சாத்திக் காமிச்சது போதும், தாவூது அண்ணாச்சி. சத்தமே சொல்லுதே. சின்ன வண்டிக் கதவு தகரப்பெட்டி மாதிரில்லா அடிக்குது. பெரிய வண்டிக் கதவு நெல்லுப் பத்தாயத்து மூடி கணக்கா அமுங்கி உக்காருது.

— கேட்டியளா ஆவுடைத்தாயம்மா, கதவுச் சத்தத்தை வச்சு மோட்டார் எடுக்குத ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன். சின்னது அமெரிக்கா சரக்கு. எடை கம்மி, ஆனா நல்ல இரும்பு. தூத்துக்குடியிலேருந்து இந்தச் சேரன்மகாதேவி வரைக்கும் நானே ஓட்டிட்டு வந்தேன், ஒரு ஆணி கழறலை. நம்ம டிரைவரு பூதத்தான் பின்னாலயே ஓட்டிட்டு வந்த பெரியது சீமைச் சரக்கு. பித்தளையும் தோலுமா ராசா கணக்கா நிக்கும். தீனிதான் கூட.

— எம்புட்டுத் தீனி? மைல் கல்லுக் கணக்குல சொல்லுங்க.

— ஒரு தகரம் மோட்டார் எண்ணெய் ஊத்துனா சின்னது நாப்பது கல்லு ஓடும். பெரியது இருபத்தஞ்சு தாண்டுனா அதிசயம்.

— இங்கனயிருந்து திருநெல்வேலி பன்னெண்டு கல்லு. போய்ட்டுத் திரும்புததுக்குள்ள பெரியது ஒரு தகரத்தைக் குடிச்சிரும். எண்ணெய் எங்க கெடைக்கும்?

— தூத்துக்குடியிலதான். ரயில்ல வரவழைக்கணும். அதனாலதான் சொல்லுதேன் தாயி, சின்னதை எடுங்க. மழை பேஞ்சு கரிசல் ரோடு குழைஞ்சு கெடந்தாலும் லேசு வண்டி தாவி ஏறிரும். பெரியது புதைஞ்சுதுன்னா நாலு மாடு கட்டி இழுக்கணும்.

— அது கெடக்கட்டும். சக்கரத்துக் கம்பைத் தட்டிப் பாத்தேன். எங்க மாமனாரு வில்வண்டிக்கு ஆசாரி கம்பு செதுக்கும்போது பக்கத்துல நின்னு பாத்தவ நான். பெரிய வண்டிக் கம்பு ஒரு கணு இல்லாத மரம். நெறைஞ்ச பாரம் தாங்கும். சின்னதுல எத்தனை பேரு ஏறலாம்?

— ஓட்டுதவனோட சேத்து அஞ்சு. உங்களுக்கும் முதலாளிக்கும் தாராளம்.

— ஓட்டுதவன் போக ஆறு பேரு ஏறணும்.

— ஆறா? உங்க வீட்டுக்காரரு மந்திரமூர்த்தி முதலாளி தை மாசம் கொழும்புல கப்பலேறுதாரு. அவரு ஒருத்தர், நீங்க ஒருத்தர். உங்க மாமனார், மாமியார் ரெண்டு பேரும் இப்பம் இல்லைன்னு சொன்னிய. பிள்ளைகளும்... மன்னிக்கணும் தாயி. வாய் தவறிட்டு.

— தவறலை. எனக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகி ஒரு வருசம் கூட இருந்தாவ, அப்புறம் கப்பலேறிட்டாவ. இந்தத் தையோட பன்னெண்டு வருசம். அவிய கடுதாசி வந்தாத்தான் இந்த வீட்டுல பேச்சுச் சத்தம். நாலு தடவை, அஞ்சு தடவை உரக்க வாசிப்பேன். அடுத்த வீட்டுப் பார்வதியம்மாள் ஒருநா எட்டிப் பாத்து, விருந்தாளு வந்திருக்கான்னு கேட்டா. ஆமான்னுட்டேன். ஏன், மோரு அப்படியே இருக்கு? குடிங்க அண்ணாச்சி. நீங்க கொழும்புல அவிய வீட்டுக்குப் போயிருக்கியளா?

— கடைக்குப் போவேன் தாயி. பெரிய ஜவுளிக்கடை. எட்டு ஆளு வேலை பாக்கான். வாசல்ல எந்நேரமும் கூட்டந்தான், கேட்டியளா...

— வீட்டைக் கேட்டேன்.

— வண்டியைப் பத்திப் பேசுவோமே, தாயி.

— வண்டியைப் பத்தித்தான் பேசுதேன். எத்தனை தலைன்னு தெரியாம எப்படி எடுக்க? சீமை ராசா பட்டாபிஷேகம் நடந்த வருசம் அவிய ஒரு பெட்டி அனுப்புனாவ. எனக்கு நாலு சேலை. அடியில ஒரு சின்னப் பட்டுப் பாவாடை. நாலு வயசுப் பிள்ளைக்குச் சரியா இருக்கும். கை மாறி வச்சிட்டாவ போல. நான் திருப்பி அனுப்பலை, கேக்கவும் இல்லை. வருசத்துக்கு ஒருக்க வெயில் காட்டி மடிச்சு வைப்பேன். இப்பம் வந்த கடுதாசியில, குடும்பத்துக்கு ஏத்த வண்டியா, உறுதியா இருக்கான்னு நீயே பாத்து எடு, எண்ணெய்ச் செலவையும் பாருன்னு எழுதியிருக்கு. குடும்பம்னா எத்தனை பேரு, அண்ணாச்சி? ஆறுன்னது நான் குத்துமதிப்பாச் சொன்னது.

— சரிதான் தாயி. முதலாளியும் அங்கன கட்டுன அம்மாவுமா ரெண்டு பேரு, பிள்ளைக மூணு. உங்களையும் சேத்து ஆறு.

— பிள்ளைக பேரு என்ன?

— மூத்தது பொண்ணு, பாக்கியவதி. நடுவுலவன் தில்லைநாயகம். கடைசிப் பய குற்றாலலிங்கம், இப்பந்தான் தத்தித் தத்தி நடக்குதான்.

— நடுவுலவனுக்கு எங்க மாமனாரு பேரா! அவுக இருந்து கேக்கலையே.

— அல்லா மேல ஆணையா, இதை என் வாயால சொல்லணும்னு நான் இங்கன வரலை. வாயைத் தொறந்துட்டேன், மிச்சத்தையும் சொல்லிருதேன். அவங்களைத் தூத்துக்குடியில ஒரு வாடகை வீட்டுல இறக்கி வச்சிட்டு, முதலாளி மட்டும் இங்கன வருவாரு. அதுக்குத்தான் சின்ன வண்டியை எடுக்க வையின்னு என்கிட்டச் சொல்லிவிட்டாரு. நீங்களும் அதையே எடுங்க தாயி. மனுசன் ஒத்தையில வந்து உங்க முகத்துக்கு நேரா நின்னு பதில் சொல்லட்டும்.

— நேத்து வரைக்கும் நானும் அப்படித்தான் நெனைச்சேன். அவிய மேல கோவம் மலையளவு கெடக்கு. அவ முகத்துல முழிக்க எனக்கு என்ன தலையெழுத்துன்னு இருந்துது. காலையில நீங்க ரெண்டு வண்டியையும் வாசல்ல நிப்பாட்டிட்டு ஆத்துக்குக் குளிக்கப் போனிய பாருங்க, நான் அந்தப் பெரிய வண்டியில ஏறி உக்காந்து பாத்தேன். அத்தனை பேரு உக்காருத எடத்துல நான் ஒருத்தி. இந்த வீட்டுல இருக்குத மாதிரியே இருந்துது, அண்ணாச்சி.

— தாயி...

— பெரியதே இருக்கட்டும். எண்ணெயைக் குடிச்சாக் குடிச்சிட்டுப் போகுது. தூத்துக்குடியில வீடு ஒண்ணும் பாக்க வேண்டாம். எல்லாரையும் இங்கன கூட்டிட்டு வாங்க.

— அந்தம்மா சம்மதிக்குமா?

— சண்டை போட்டுக்கிட்டாவது இருக்கட்டும். சண்டைக்கும் ஒரு ஆளு வேணும்லா? அது கெடக்கட்டும். அந்தப் பிள்ளைக என்னைய என்னன்னு கூப்பிடும்? பெரியம்மான்னு சொல்லிக்கொடுத்திருக்காவளா? ஏன் தலையைக் குனியுதிய? சொல்லுங்க.

— அங்கன கூடத்துல உங்க கல்யாணப் படம் மாட்டியிருக்கு, தாயி. மாலை போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை தோறும் அதுக்கு முன்னால விளக்கு ஏத்துதாவ. நீங்க இறந்து பத்து வருசமாச்சுன்னு அவங்ககிட்டச் சொல்லி வச்சிருக்காரு. நானும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். போன மாசம் இந்த விலாசத்தைக் கையில கொடுக்கும்போதுதான் உண்மையைச் சொன்னாரு.

— விளக்கு ஏத்துதது யாரு?

— மூத்த பிள்ளை. பாக்கியவதி.

— கப்பல் வாரன்னைக்கு நானும் உங்ககூடத் தூத்துக்குடிக்கு வாரேன், அண்ணாச்சி. நீங்க மட்டும் முன்னால போய் அந்தப் பிள்ளைகிட்ட, நான் உசுரோடதான் இருக்கேன்னு பையச் சொல்லிருங்க. என்னையப் பாத்துப் பயந்துரக் கூடாதுல்லா.