கோடை எடை

மழைக்காலத்தில் எனக்குத் தும்மல் ஓயாது. ஆகையால் சங்க ஆய்வுகளைக் கோடையில் வைத்துக்கொள்வதே என் வழக்கம், ஐயா. காவல் நிலையத்துக்கு அழைக்காமல் வந்தவனை அமரச் சொன்னதற்கு நன்றி.

காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்குச் சிறு கடனும் பட்டு நூலும் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களின் நலத்தை மதிப்பிட்டுத் தர வகுப்பு வழங்குவது என் பணி. அந்த வகுப்பைப் பார்த்தே வங்கி பணம் விடும். 1966-இல் நான் முதல் வகுப்பு வழங்கிய ஒரு சங்கம் சில மாதங்களில் மூழ்கியது. மேலதிகாரி கண்டித்தார். அடுத்த ஆய்வில் ஒரு குறையேனும் காட்ட வேண்டிய நிலையில் இருந்தேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மறு சித்திரையில், குமாரவேல் செயலாளராக இருந்த சங்கத்தின் நூலிருப்பை நிறுத்தேன். கணக்கேட்டிலிருந்த அறுபது கிலோவில் மூன்று குறைந்தது.

"வெயில்ல பட்டு காய்ஞ்சி இளைச்சிப்பூடும் சார். ஐப்பசி மழைல தானா ஏறிக்கும்," என்றார் குமாரவேல்.

தராசு பிடித்த முனுசாமி சிரித்தார். "நம்மள மாதிரியே அதுவும் பட்டினி கெடக்குதுபா."

அவர்கள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். இருப்பினும் 'கையாடல்' என்றெழுதிக் கடைசி வகுப்பு வழங்கினேன். வங்கி கடனை நிறுத்தியது, தறிகள் ஓய்ந்தன, குமாரவேல் விசாரணைக் கைதியாகச் சிறைக்குப் போனார். மேலதிகாரி என்னைப் பாராட்டினார்.

குமாரவேலின் மனைவி இந்திராணி மனுமேல் மனு எழுதி, மழைக்காலத்தில் மறு எடைக்கு உத்தரவு வாங்கினார். நூலை வைத்து முத்திரையிட்டிருந்த அலமாரியின் சாவியும் முத்திரையும் என்னிடமே இருந்தன. குறித்த நாளுக்கு முந்தைய மாலை தனியாகச் சென்று நிறுத்துப் பார்த்தேன். அறுபது கிலோ, குறைவே இல்லை. ஒரு கணம் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. பிறகு மூன்று கிலோ நூலைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு, அலமாரிக்கு மீண்டும் முத்திரையிட்டேன். ஓர் அறிக்கை பொய்யென்றானால், மற்றச் சங்கங்களைப் பற்றி நான் எழுதியதை யார் நம்புவார்கள்? தாங்களே எண்ணிப் பாருங்கள்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் மூன்று கிலோ குறைந்தது. இந்திராணி அழவில்லை.

"மழதான் பெஞ்சுதே சார்?" என்று மட்டும் கேட்டார்.

நான் மரியாதையாகத் தலை குனிந்தேன். அன்று முதல் மழை பெய்யும் இரவுகளில் எனக்கு உறக்கம் இல்லை.

குமாரவேலுக்கு இரண்டாண்டுத் தண்டனை. அது முடியுமுன்பே சிறை மருத்துவமனையில் இறந்துபோனார். அதற்கு நானே காரணம், அவ்வாறே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு திருத்தம் மட்டும் வேண்டுகிறேன். அந்த நூல் இன்றும் என் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. ஓர் இழையைக்கூட நான் விற்கவில்லை. ஆகையால் தாங்கள் எழுதிய 'திருட்டு' என்னும் சொல்லைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.